அரிப்புக்கு ஒரு ட்யூப்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சாயங்கால நேரம் கொஞ்சம் நின்று பாருங்கள். யாராவது ஒருவர் வந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணா, அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்பார். எங்கே அரிப்பு, எத்தனை நாளாக, சுகர் இருக்கிறதா என்று ஒரு கேள்வி வராது. கை தானாக மேல்தட்டுக்குப் போகும். வருவது கலப்பு க்ரீம். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே அழற்சியை அடக்க ஒரு ஸ்டீராய்டு. அந்த ஸ்டீராய்டு பல நேரம் க்ளோபெட்டசால்.

அதே க்ளோபெட்டசாலை, எந்தக் கலப்பும் இல்லாத ஆயின்ட்மென்ட்டாக, தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நான் போய்க் கேட்டேன். அன்றைக்குத்தான் அண்ணனுக்கு அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. "இது ஸ்டீராய்டுக்கா. செம பவரு. மூணு மாசத்துக்கா எழுதிக் குடுத்துகீறாங்க? தோலு பிஞ்சிடப் போவுது, பாத்துக்கோ" என்றார். சீட்டில்லாமல் வாங்குகிறவர்களிடம் ஒருநாளும் சொல்லாததை சீட்டோடு வந்தவளிடம் சொன்னார். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பயந்துதான் போனேன்.

எனக்கு இருப்பது லைக்கன் ஸ்க்ளீரோசஸ். பெரும்பாலும் பிறப்புறுப்பையும் ஆசனவாயைச் சுற்றியும் பிடிக்கும் ஒரு அழற்சி நோய். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம். பருவமடையாத சிறுமிகளுக்கும் வரும். ஆண்களுக்கும் உண்டு. அவர்களுக்கு முன்தோல் இறுகிப்போய் பின்னால் தள்ள முடியாமல் ஆகிவிடும். அரிதான நோய் என்றுதான் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் யாரும் காட்டாத இடத்தில் வருகிற நோயை எப்படி எண்ணுவார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆடி தள்ளுபடி, தீபாவளி என்று சீசன் வந்தால் காலையில் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பது. பிளாஸ்டிக் நாற்காலி, நைலக்ஸ் பாவாடை, கடல் பக்கத்துப் புழுக்கம். அரிப்பு ஆரம்பித்தபோது வேர்வைதான் காரணம் என்று நான் மட்டுமல்ல, கேட்ட எல்லோரும் நினைத்தார்கள். முதலில் பார்த்த கிளினிக்கில் வெள்ளைப்படுதல் என்றார்கள், வைத்துக்கொள்ளும் மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் சுகர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், சரியாக இருந்தது. பூஞ்சை மாத்திரை, பூஞ்சை பவுடர். பக்கத்து போர்ஷன் அக்கா சொன்ன வேப்பிலைத் தண்ணீர். என் நாத்தனார் சொன்ன டெட்டால். அந்த டெட்டால் தண்ணீரில் கழுவிய ராத்திரி என்ன எரிச்சல் எரிந்தது என்று எழுதினால் படிக்கிறவர்கள் நெளிவீர்கள், விட்டுவிடுகிறேன்.

ராத்திரிதான் இந்த அரிப்புக்கு வேளை. பகலில் வேலையில் மறந்து போகும். படுத்தால் எழுப்பி உட்கார வைக்கும். சொறிந்தால் தோல் கிழியும், கிழிந்த இடத்தில் காலையில் மூத்திரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வீட்டுக்காரரோடு சேர்ந்திருப்பது வலியாகிப் போனது. அவருக்கு என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் மாமியாரைக் காரணம் சொல்லி ஹாலில் படுத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

இத்தனை இடத்துக்குப் போனேனே, ஒருவர்கூடப் புடவையை விலக்கிப் பார்க்கவில்லை. நான் சொன்னேன், அவர்கள் எழுதினார்கள், அவ்வளவுதான். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. காட்டச் சொன்னால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் தோல் நோயைப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசியில் ஸ்டான்லி. எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பஞ்சகாலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம். தோல் ஓபியில் கூட்டம் எப்போதும் போல. சொரியாசிஸ், படை, கால் ஆணி, முகத்தில் பரு வந்த காலேஜ் பசங்கள், எல்லோரும் ஒரே வரிசை. என் முறை வந்ததும் "அரிப்பு மேடம்" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அந்த மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உள்ளே வந்து படுங்கம்மா, பார்க்கணும்" என்றார். திரைக்குப் பின்னால் ஒரு நர்ஸம்மா, ஒரு படிக்கிற பெண் டாக்டர். அந்தப் பெண்ணும் பார்க்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்னிடம் யாராவது அனுமதி கேட்டது அதுதான் முதல்முறை என்பதால், சரி என்றேன்.

பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தோல் வெளுத்து, சிகரெட் சுற்றுகிற தாளைக் கசக்கி விரித்தது போல மெலிந்து சுருங்கியிருந்தது. முன்னாலும் பின்னாலும் சேர்ந்து எட்டு போட்ட மாதிரி அந்த வெண்மை பரவியிருந்தது. சிறிய உதடுகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பாதி காணாமல் போயிருந்தன. "நீங்க கண்ணாடி வெச்சு எப்பவாவது பாத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற பொம்பளையிடம் கேட்கிற கேள்வியா என்று இருந்தது. பார்த்ததில்லை.

வெள்ளை என்றதும் எனக்கு வெண்குஷ்டம் என்று நெஞ்சு அடைத்தது. அது இல்லை என்றார். வெண்புள்ளியில் நிறம் மட்டும்தான் போகும், தோல் அப்படியே இருக்கும், அரிப்பும் பொதுவாக இருக்காது. இதில் தோலே மாறிவிடுகிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குவதால் வருகிறது என்று நம்பப்படுகிற நோய். தைராய்டு கோளாறு இதோடு சேர்ந்து வருவது சகஜம் என்பதால் அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். தொற்றாது, வீட்டுக்காரருக்கு வராது, அசுத்தத்தால் வந்ததில்லை. கடைசியில் சொன்னதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். சந்தேகம் இருந்தால் சின்னதாகச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்களாம். எனக்குப் பார்த்தே தெளிவாக இருந்ததால் அது வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நோய் புதிதில்லை. ஹல்லோப்போ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1887இலேயே எழுதிவைத்திருக்கிறார். கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் பெயரை மாற்றி மாற்றி வைத்து, 1976இல்தான் இந்தப் பெயரில் வந்து நின்றிருக்கிறது. முன்பெல்லாம் டெஸ்டோஸ்டிரோன் களிம்பு போட்டிருக்கிறார்கள், வெட்டி எடுத்துக்கூட இருக்கிறார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் முதலில் எழுதுகிற மருந்து ஒன்றுதான். க்ளோபெட்டசால் ப்ரொப்பியோனேட், 0.05 சதவீதம். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை வீரியப்படி ஏழு வகுப்பாகப் பிரித்தால் முதல் வகுப்பில் நிற்பது.

இப்போது மெடிக்கல் ஷாப் அண்ணனின் பயத்துக்கு வருகிறேன். ட்யூப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைப் படித்தால் அவர் சொன்னது சரி என்றே தோன்றும். முகத்தில் போடாதே, அக்குளில் போடாதே, தொடையிடுக்கில் போடாதே. நான் போட வேண்டியதோ அங்கேதான். மறுவாரம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓபிக்குப் போனேன். மேடம் சிரிக்கவில்லை, அதற்காகவே அவர்மேல் மரியாதை வந்தது. பொறுமையாகச் சொன்னார். மெல்லிய நல்ல தோலில், தேவையில்லாமல், மாதக்கணக்கில் போட்டால் தோல் தேயும், வரிவரியாகப் பிளக்கும், ரத்தக் குழாய் தெரியும். தாள் அதைச் சொல்கிறது. உங்கள் தோல் நோயால் மாறிவிட்ட தோல். அதற்குள் நடக்கிற எரிப்பை நிறுத்தாவிட்டால் தழும்பு ஏறிக்கொண்டே போகும், பெண்ணுறுப்பின் வாய் குறுகும், மிச்சம் இருப்பதும் ஒட்டிப்போகும். வெளுத்த இடத்தில் மட்டும், சொன்ன அளவில் போடுங்கள். அளவுதான் விஷயம்.

அந்த அளவை அவர் காட்டிக் கொடுத்தார். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து அதன் கடைசிக் கணுவரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். என் இடத்துக்கு அதிலும் பாதி. முதல் மாதம் தினமும் ராத்திரி ஒரு வேளை. இரண்டாம் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள். மூன்று மாதம் முழுக்க 30 கிராம் ட்யூப் ஒன்று தாராளம். "ட்யூப் சீக்கிரம் தீந்தா அதிகமா போடறீங்க, தீரவே இல்லன்னா போடறதே இல்ல. அடுத்த தடவ ட்யூப்ப எடுத்துட்டு வாங்க, நான் அமுக்கிப் பாக்கறேன்" என்றார். நிஜமாகவே அமுக்கிப் பார்த்தார்.

க்ரீம் இல்லாமல் ஆயின்ட்மென்ட்டாக எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. க்ரீமில் தண்ணீர் கலந்திருப்பதால் கெடாமல் இருக்க ரசாயனம் சேர்ப்பார்கள். வெடித்த தோலில் அது எரியும். ஆயின்ட்மென்ட் பிசுபிசு என்று இருந்தாலும் எரிச்சல் குறைவு. சோப்பு நிறுத்தம், டெட்டால் நிறுத்தம், வேப்பிலையும் நிறுத்தம். வெறும் தண்ணீர். மற்ற நேரத்தில் வெள்ளை வாசலைன், மூத்திரம் படாமல் காக்க. நைலக்ஸ் பாவாடைக்குப் பதில் காட்டன் பாவாடை. துணிக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கு அது ஒன்றுதான் சுலபமாக இருந்தது.

சுலபமில்லாதது கண்ணாடி. எங்கே போடுகிறோம் என்று தெரிய முதல் சில வாரமாவது பார்த்துப் போட வேண்டும். நாங்கள் இருப்பது வரிசை வீடு, நாலு குடித்தனத்துக்குப் பொதுவாகப் பின்பக்கம் குளியலறை. உள்ளே கொக்கி சரியாக விழாது, பல்பு மஞ்சள். வீட்டுக்குள் இருப்பது பீரோவில் பதித்த ஆளுயரக் கண்ணாடி, அது ஹாலில், டிவிக்கு எதிரில். மிண்ட் பக்கம் போனபோது ஒரு கைக்கண்ணாடி வாங்கினேன். ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போன் டார்ச்சை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை நடந்தது. மகளுக்குச் சத்தம் கேட்டு, "இன்னாம்மா பண்ற உள்ள?" என்றாள். பூனை வந்தது என்றேன். அடுத்த நாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவளுக்கும் வயது இருபத்தைந்து ஆகிறது, தெரிந்துகொண்டால் நல்லதுதானே. வீட்டுக்காரருக்கு அவள்தான் எடுத்துச் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெரிய பல்பு ஒன்று வாங்கிவந்து சமையலறையில் மாட்டினார்.

இந்த இடத்தில் என் அண்ணன் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே காலத்தில் அவனுக்கும் அரிப்புதான். காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற வேலை. விடியற்காலையிலிருந்து மதியம் வரை உப்புத் தண்ணீரும் ஈர ஜீன்ஸும். தொடையிடுக்கில் படை வந்தது. ட்யூப் வாங்கிப் போட்டான். "ரெண்டு நாள்ல நின்னுடும் அத்த. நிறுத்துனா திரும்ப வந்துடும்." திரும்ப வந்தால் திரும்ப ட்யூப். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியிருக்கிறது. அவன் அம்மா அழைத்து வந்து காட்டியபோது படை இடுப்பு ஏறி முதுகுக்குப் போய்விட்டது, வளையத்துக்குள் வளையமாக. தொடையின் உள்பக்கம் செக்கச்செவேலென்று கோடுகள், பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் விழுமே, அதைவிட அகலமாக. இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை. அந்தக் கோடுகள் இனி முழுசாகப் போகாது.

அவனுக்கு நடந்ததும் க்ளோபெட்டசாலின் வேலைதான். படை என்பது பூஞ்சை. அதை எதிர்த்து உடம்பு போடும் சண்டைதான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடுகிறது. அரிப்பு நிற்கிறது, எதிர்ப்பார் இல்லாத பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. என் நோயிலோ அந்தச் சண்டையே நோய். அடக்க வேண்டியது அதைத்தான். அவன் தோலைக் கெடுத்த அதே மருந்து, அதே சதவீதம், என் தோலை மிச்சம் பிடித்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில்தான் வாங்கினோம்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. நாடு முழுக்கத் தோல் டாக்டர்கள் இந்தக் கலப்பு க்ரீம்களைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். முகம் வெளுக்க என்று போட்டு முகம் கெட்டுப்போன பெண்கள் தனி. 2018இல் மத்திய அரசு, பூசுகிற ஸ்டீராய்டுகள் 14ஐ அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. அதாவது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சட்டம் இருக்கிறது. எங்கள் தெருமுனை மேல்தட்டும் இருக்கிறது.

இந்தக் கலப்பு க்ரீம்களால் இன்னொரு கேடும் உண்டு, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று பேர் கெட்டுவிட்டது. அண்ணன் மகனைப் பார்த்த என் நாத்தனார், நான் போடுவதும் ஸ்டீராய்டு என்று தெரிந்ததும், "நிறுத்துடி, புண்ணாகி புத்துநோய்ல கொண்டு விடும்" என்றாள். நிஜம் இதற்கு நேர்மாறு. லைக்கன் ஸ்க்ளீரோசஸைக் கவனிக்காமல் விட்டால்தான் ஒரு சிறு பங்குப் பெண்களுக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வருகிறது. ஆஸ்திரேலியாவில் 507 பெண்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். களிம்பைச் சொன்னபடி போட்டுவந்தவர்களில் ஒருவருக்கும் புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலையோ வரவில்லை. விட்டுவிட்டுப் போட்டவர்களில் 4.7 சதவீதம் பேருக்கு இரண்டில் ஒன்று வந்தது. தழும்பு கூடினது முதல் கூட்டத்தில் 3.4 சதவீதம், இரண்டாவதில் 40. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நாத்தனாரிடம் கொடுத்தேன். படித்தாளா தெரியாது. பேச்சை நிறுத்தினாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், முதல் மாதம் முடிவதற்குள் ராத்திரி தூக்கம் வந்துவிட்டது. அது போதும் என்றிருந்தது. வெடிப்புகள் ஆறின. தோலின் சுருக்கம் குறைந்து மெலிவும் கொஞ்சம் சரியானது. வெண்மை முழுக்கப் போகவில்லை. ஒட்டிப்போனது ஒட்டிப்போனதுதான், எந்தக் களிம்பும் அதைத் திரும்பக் கொண்டுவராது. போன வருஷங்களை நினைத்தால் அந்த ஒன்றில் மட்டும் எனக்கு ஆறவில்லை. யாராவது முதலிலேயே பார்த்திருந்தால் அதுவும் தங்கியிருக்கும்.

களிம்பை நிறுத்தவும் முடியாது. அரிப்பில்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தரமாவது காட்ட வேண்டும். நடுவில் ஆறாத புண்ணோ கட்டியோ தடிப்போ தெரிந்தால் ஓபி தேதிக்குக் காத்திருக்காமல் ஓட வேண்டும். ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டேக்ரோலிமஸ் என்று வேறொரு ஆயின்ட்மென்ட் உண்டு, ஆரம்பத்தில் எரியுமாம். எனக்கு அது தேவைப்படவில்லை. எனக்குச் செவ்வாயும் வெள்ளியும். செவ்வாய், வெள்ளி என்றால் மறக்காது, விளக்கு ஏற்றுகிற நாள்.

போன சீசனில் எங்கள் கடையில் பில் போடுகிற பெண், சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது இருக்கும். சுற்றி வளைத்து, "அக்கா, உனக்கும் அங்க அரிப்பு இருந்துச்சாமே, இப்ப நல்லாயிட்டியாமே" என்றாள். என் நாத்தனார் துணி எடுக்க வந்தபோது பேசியிருக்கிறாள். அந்தத் தாளைப் படித்திருக்கிறாள் போல. "அந்த ட்யூப்ப ரெண்டு நாளைக்குக் குடுக்கா. பேர சொன்னாலும் போதும், நானே வாங்கிக்கறேன்."

பேர் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டாள். ஒரு களிம்புப் பேரைச் சொல்ல இவ்வளவு பிகுவா என்று பில் கவுன்ட்டரில் எல்லோரிடமும் சொன்னாள். நான் முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டேன், இருவருக்கும். காரணம் கேட்டார். பொம்பளைங்க விஷயம் என்றேன். உடனே கிடைத்தது. அந்த ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் இருக்கிற மதிப்பை நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை.

ஓபியில் அதே திரை. இந்தத் தடவை நான் வெளியே பெஞ்சில். வந்தவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு இருந்தது என் நோய் இல்லை. சாதாரணப் பூஞ்சை. அடுத்த ரூமில் ரத்தம் குத்திப் பார்த்ததில் சுகர் 280. பூஞ்சைக்கு ஒரு மருந்தும் சுகருக்கு ஒரு மாத்திரையும் எழுதி, சர்க்கரை நோய் ஓபிக்குத் தனிச் சீட்டும் கொடுத்திருந்தார்கள்.

பழைய ஜெயில் ரோட்டுக்கு வந்ததும் டீக்கடையில் நின்றோம். அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா நீ, அரிப்புக்குன்னு இட்னு வந்து சர்க்கரய நிறுத்திட்ட" என்றாள். டீக்காரரிடம் எனக்குச் சர்க்கரை போட்டது, அவளுக்குப் போடாதது என்று சொன்னேன். அவள் அதற்கும் முறைத்தாள்.